துண்டு போட்ட இடம்

“நான் கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டேன், ஐயா. இனி அவர் எனக்குக் கொடுத்ததை மட்டும் எதுக்குக் காப்பாத்துவார்?”

தங்கபுஷ்பம் கேட்டாள்.

கிறிஸ்தவ ஆசிரமத்து அடுப்படியில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த ஏசுவடியான் ஐயா நிமிரவில்லை. ஐயா என்பது மரியாதைக்கு. வயதில் அவர்தான் இளையவர். அவளை அக்கா என்பார்.

“என்ன வாக்கு, அக்கா?”

“பிள்ளை இல்லாம இருந்தப்போ, பைபிள்ல வர்ற அன்னாள் மாதிரி அழுது பொருத்தனை பண்ணினேன். ஒரு ஆண்பிள்ளையைக் கொடும், உம்ம ஊழியத்துக்கே விட்டுடறேன்னு. பிறந்தான். அன்னாளோட பிள்ளை பேரையே வெச்சேன், சாமுவேல்னு.”

“நல்ல பேர்.”

“பேரோட சரி. ஓசூர்ல வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறான். பத்தாவது முடிச்சப்போ விஷயத்தைச் சொன்னேன். ‘என்னைக் கேட்டா நேர்ந்தே?’ன்னான். கோயில் பக்கமே வர்றதில்லை.”

ஐயா ஒரு காயை ஒடித்துப் பார்த்துவிட்டுத் தூர எறிந்தார்.

“நாளைக்குக் காலையில மதுரையில அவனுக்கு நெஞ்சுல ஆபரேஷன். அன்னாள் கொடுத்தாள். நான் கொடுக்கலை. நாளைக்கு அவரே எடுத்துக்கப்போறார்.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தேதி குறித்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

“நீங்க போகலையா?”

“நான் பக்கத்துல போனா என் குத்தமும் கூடவே வருமே. வரலைன்னு சொல்லிட்டேன். அவங்க அப்பா கூட இருக்கார். எனக்குப் பதிலா நீங்க போய் ஜெபம் பண்ணுங்க, ஐயா. நான் இங்கேயே இருந்து புதுசா ஒரு பொருத்தனை பண்ணிக்கிறேன். சாகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை உபவாசம்.”

“அதையும் மீறிட்டா?”

அவள் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரிக்கத் தொடங்கினாள்.

“சாமுவேலுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்கு, இவன் என் பிள்ளைன்னு சொன்னது யாரு?”

“கடவுள்தான். பாதிரியார் வாயால.”

“அதுக்குப் பையன் என்ன சொன்னான்?”

“கைக்குழந்தை என்னத்தைச் சொல்லும்? தூங்கிட்டிருந்தான்.”

“ஆபிரகாமும் அப்படித்தான்.”

“என்னது?”

“கடவுள் அவரோட உடன்படிக்கை பண்ணின அன்னைக்கு, மிருகங்களைப் பிளந்து ரெண்டு பக்கமும் வெச்சாச்சு. உடன்படிக்கை பண்ற ரெண்டு பேரும் நடுவுல நடக்கணும். மீறினா எனக்கும் இந்தக் கதிதான்னு அர்த்தம். அன்னைக்கு யார் நடந்தாங்க?”

வேதபாடத்தில் பரிசு வாங்கியவள் அவள். “நெருப்பு மட்டும் கடந்து போச்சு. அதாவது, கடவுள் மட்டும்.”

“ஆபிரகாம்?”

“அசந்து தூங்கிட்டார்.”

“ம்.”

“தூங்கினவருக்கு வாக்குத்தத்தமா? கண்முழிச்சுக் கிடக்கிற எனக்கு ஒண்ணும் விளங்கலையே, ஐயா.”

ஐயா அவரைக்காயைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

“மதுரை பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாங்க.”

மகனுக்கென்று ஒரு பை கட்டி வைத்திருந்தாள். போர்வை, ஃபிளாஸ்க், எலுமிச்சை ஊறுகாய். ஐயாவிடம் கொடுத்தனுப்ப அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பேருந்து நிலையத்தில் ஊரே நின்றது. மதுரை பஸ் நிற்பதற்குள் கூட்டம் அதன் மேல் விழுந்தது.

ஐயா தோளில் கிடந்த நீலக்கரைத் துண்டை உருவி, ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தார். அது ஒரு சீட்டில் போய் விழுந்தது.

“ஏறி அந்தத் துண்டுகிட்ட நில்லுங்க, அக்கா.”

பையோடு முட்டி மோதி ஏறினாள். துண்டைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் நின்றாள். திரும்பிப் பார்த்தால் ஐயாவைக் காணோம்.

மூட்டையோடு ஒரு மீசைக்காரர் வந்தார்.

“ஆள் வருதா?”

“வருது.”

“எங்கே வருது?”

அவள் வாசலைப் பார்த்தாள். யார் யாரோ வந்தார்கள்.

“துண்டுக்குக் காத்து வேணும்னு ஜன்னலோரமா போட்டாரோ!” என்றார் மீசைக்காரர். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள்.

அடுத்த சீட்டில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. “நீங்களாவது உட்காருங்கம்மா. இடம் சும்மாதானே கிடக்கு.”

“எனக்கில்லைம்மா. ஐயாவுக்கு.”

“நல்ல ஐயா! உங்களை நிக்கவெச்சுட்டு அவர் டீ குடிக்கப் போயிட்டாராக்கும்.”

டிரைவர் எஞ்சினை முடுக்கினார். தரை அதிர்ந்தது.

“இனி எங்கே வரப்போறார்?” என்றார் மீசைக்காரர்.

வருவார் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். “தெரியலையே” என்று வந்தது. “நீங்க உட்காருங்க.”

சொன்னதுமே உறைத்தது. இதையும் விட்டாயிற்று.

மீசைக்காரர் துண்டை முன்கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மூட்டையைக் காலுக்கடியில் தள்ளினார்.

ஜன்னலுக்கு வெளியே ஐயாவின் முகம் தெரிந்தது. கையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும்.

“அண்ணாச்சி, அது நான் போட்ட துண்டு.”

“இந்தம்மாதானே இடத்தை விட்டுக்கொடுத்தாங்க!”

“துண்டு போட்டது நான். அவங்க எப்படி விட்டுக்கொடுக்க முடியும்?”

துண்டு போட்டவர் வந்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. அது பஸ்ஸின் சட்டம். மீசைக்காரர் முனகிக்கொண்டே எழுந்தார்.

“ஐயா, சீக்கிரம் ஏறுங்க! வண்டி கிளம்புது.”

“நான் எதுக்கு ஏறணும்? உட்காருங்க, அக்கா.”

“இது உங்க இடம்…”

“உங்களுக்குப் போட்டது.”

“நான் வரமாட்டேன்னுதானே சொன்னேன்?”

“ஆமா. சொன்னீங்க.”

பாட்டிலும் பிஸ்கட்டும் ஜன்னல் வழியாக அவள் மடிக்கு வந்தன. வண்டி நகர்ந்தது.

“ஐயா, துண்டு! உங்க துண்டு!”

அவர் அதற்குள் திரும்பி நடந்துவிட்டிருந்தார். ஆசிரமத்தில் அவரைக்காய் பாதியில் கிடந்தது.

ஊர் எல்லை தாண்டும்போது செல்போன் அடித்தது. சாமுவேல்.

“அம்மா, நீ வரலைன்னு அப்பா சொல்றார்.”

“பஸ்ல இருக்கேன்டா.”



“கூட்டமா இருக்குமே. இடம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“சண்டை போட்டுப் பிடிச்சியா?”

“இல்லை. கிடைச்சதையும் நான் விட்டுட்டேன்.”

“அப்புறம் எப்படி உட்கார்ந்திருக்கே?”

அவளுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “வந்து சொல்றேன், வை.”

முன்கம்பியில் கிடந்த துண்டை எடுத்து மடித்து ஜன்னலோரம் வைத்தாள். பிறகு வேர்க்கடலை தின்ற பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“மதுரை வந்தா எழுப்பிவிடுறியாம்மா?”