ஓடுவதற்கு முன்னால்

"எப்போ என்னை வேகமா ஓட விடுவீங்க?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"இன்னைக்கு இல்ல," என்றாள் ஜெனிட்டா.

நேற்றும் இதையேதான் சொன்னாள். முந்தின வாரமும்.

வடிவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. கோவில்பட்டியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். ஜெனிட்டா அவளைவிட ரொம்ப இளையவள். ஒரு காலத்தில் மாவட்டத்துக்காக நூறு மீட்டர் ஓடியவள். இப்போது சாயங்காலங்களில் பாலிடெக்னிக் மைதானத்தில் பள்ளிக்கூடப் பெண்களுக்கு ஓடச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பெண்களுக்கு நடுவே சுடிதாரோடு வந்து நின்ற வடிவைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

வடிவு மெடலுக்காக வரவில்லை.

அவள் மகன் முகிலனுக்கு ஒன்பது வயது. பேச்சு கிடையாது. நாள் முழுக்கத் தொண்டைக்குள் ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று கையை உதறிவிட்டு ஓடுவான். கோயிலில், கடைத்தெருவில், ரேஷன் வரிசையில், எங்கே வேண்டுமானாலும். எதிரே லாரி வந்தாலும் ஒன்றுதான், பசுமாடு வந்தாலும் ஒன்றுதான். அவனுக்குப் பயமே கிடையாது என்று டாக்டரிடமும் டீச்சரிடமும் வடிவு சொல்லியிருந்தாள்.

கடைசியாக ரயில் தண்டவாளத்துக்கு ஓடிவிட்டான். யாரோ முன்பின் தெரியாத ஆள் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். வடிவு பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். நாக்பூரிலிருந்து போனில், கதவைப் பூட்டி வைத்துக்கொள் என்றார்.

மறுநாள் முகிலனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

"அவனப் பிடிக்கிற அளவுக்கு ஓடணும். அவ்வளவுதான்."

ஜெனிட்டா முழுக்கக் கேட்டாள். பிறகு வடிவின் செருப்பைப் பார்த்தாள். ஷூ வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். ஷூ வந்தது.

"நடங்க," என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நடை. பிறகு மெதுவாக ஓட்டம், பக்கத்தில் வருகிறவரோடு கதை பேச முடிகிற அளவுக்கு மெதுவாக. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசுவது. முழங்காலை உயர்த்தித் தாவித் தாவிப் போவது. வாரங்கள் கழித்து, புல்தரையில் மட்டும், பாதி வேகத்தில் ஒரு சிறு ஓட்டம். ஓடிய தூரத்தை நடந்தே திரும்ப வேண்டும். மூச்சு முழுக்க அடங்கும்வரை அடுத்த ஓட்டம் கிடையாது. இன்று ஓடினால் நாளை ஓய்வு.

ஓய்வுதான் வடிவுக்கு அறவே பிடிக்கவில்லை.

"சும்மா நிக்கதுக்கா பஸ் ஏறி வாரேன்?"

"ஆமாக்கா."

"எம்பிள்ளை ஓடப்போற நேரத்துல, இருடா கண்ணு, அம்மா காலை நீட்டி மடக்கிக்கிடுதேன்னு சொல்லவா? நான் மூச்சு வாங்கி முடிக்கிறவரைக்கும் லாரிக்காரன் நிப்பானா?"

தாவிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"லாரிக்காரன் நிக்க மாட்டான்க்கா," என்றாள் ஜெனிட்டா. "ஆனா அவசரம்னு சொன்னா உங்க தொடைக்குப் புரியாது."

இதென்ன பதில் என்று வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையிலிருந்து அவள் தனியாக ஓட ஆரம்பித்தாள். முகிலன் எழுவதற்கு முன், வீட்டெதிரே சிமெண்ட் ரோட்டில், எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில். ஜெனிட்டாவிடம் சொல்லவில்லை. சில நாளில் இடது தொடையின் பின்பக்கம் இறுகிப்போய் வலித்தது. அதையும் சொல்லவில்லை. மைதானத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தாவினாள்.

பிறகு ஒரு காலை. பள்ளி வேனைத் தவறவிட்டு, முகிலனோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அவன் கையை உதறினான். ஓடினான்.

வடிவும் பாய்ந்தாள். முதல் சில எட்டுகள் அவளே நினைத்துப் பார்க்காத வேகம். கை நீட்டினால் சட்டையைப் பிடித்துவிடலாம்.

அப்போது யாரோ பின்னாலிருந்து தொடையில் கல்லை விட்டெறிந்தது போலிருந்தது. எறிந்தது யார் என்று திரும்பிக்கூடப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அப்படியே தார் ரோட்டில் விழுந்தாள்.

எதிரே ஒரு மினி பஸ் கிறீச்சிட்டு நின்றது. அதன் முன்னால் முகிலன் நின்றுகொண்டிருந்தான், ஒன்றுமே நடக்காதவன் போல.

அவனை டிரைவர் இறங்கிப் பிடித்துக்கொண்டார். வடிவால் எழுந்திருக்க முடியவில்லை.

தசை கிழிந்திருக்கிறது, ஓட்டத்தை மறந்துவிட்டு முதலில் நடையைச் சரி பண்ணுங்கள் என்றார் டாக்டர்.

ஜெனிட்டா வீட்டுக்கே வந்தாள். தொடையின் நீலத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா வலி இருந்துச்சு?"

வடிவு சொன்னாள். சிமெண்ட் ரோட்டையும் சொன்னாள்.

ஜெனிட்டா தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

"நாளையிலருந்து அவனையும் கூட்டிட்டு மைதானத்துக்கு வாங்க," என்றாள் எழுந்துகொண்டே.

"நொண்டிக்கிட்டு வந்து என்ன செய்ய?"

"உக்காருங்க."

மைதானத்துக்கு நாலு பக்கமும் சுவர். கேட்டைப் பூட்டிவிட்டால் முகிலன் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். ஓடினான். வடிவு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அவன் ஓடுறதுக்கு முன்னாடி என்ன செய்வான்?" என்று ஜெனிட்டா கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய மாட்டான். ஓடிருவான்."

"பாருங்க."

"என்னத்தப் பாக்க? ஒம்போது வருசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

ஜெனிட்டா தொடக்கக் கோட்டில் நின்ற பெண்களிடம் போய்விட்டாள்.

வடிவு உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து போகும்வரை முணுமுணுத்தாள். ஓடக் கற்றுக்கொள்ள வந்தவளைக் காவல்காரி போல நாற்காலியில் போட்டுவிட்டாளே என்று. சின்னப்பெண்ணிடம் யோசனை கேட்டது தன் புத்தி என்று. மறுநாளும் வந்தாள். வீட்டில் இருந்தாலும் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரத்தானே வேண்டும்.

அப்படி ஒரு சாயங்காலம், நொந்துகொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

என்னவோ குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது: முனகல் நின்றுவிட்டிருந்தது.

முகிலன் இரண்டு உள்ளங்கைகளையும் டவுசரில் துடைத்தான். குதிகாலைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். தூரத்து வேப்பமரத்தைப் பார்த்தான்.

ஓடினான்.

வடிவு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அவன் திரும்பி வந்து நிற்கும்வரை காத்திருந்தாள். முனகல் மறுபடி தொடங்கியது. வெகுநேரம் கழித்து நின்றது. உள்ளங்கை. குதிகால்.

ஓடினான்.

இவ்வளவு காலமும் அவள் பார்த்ததெல்லாம் அவன் முதுகைத்தான்.

நொண்டிக்கொண்டே ஜெனிட்டாவிடம் போய் மூச்சுவிடாமல் சொன்னாள். முதலில் சத்தம் நிற்கிறது, பிறகு கை, பிறகு கால், அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

ஜெனிட்டா கோட்டில் நின்றவர்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவன் ஒழுங்கா வார்ம்-அப் பண்ணுதான்," என்றாள்.

கால் தேறியது. வடிவு மறுபடியும் நடையிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை எப்போது, எப்போது என்று கேட்கவில்லை. ஓய்வு நேரத்தில் முகிலனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லேசாக வலித்தாலும் சொன்னாள்; சொன்ன அன்று ஜெனிட்டா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மழைக்காலம் முடிந்து புல் காய்ந்த பிறகு ஒருநாள் முழு வேகத்தில் ஓட விட்டாள். முகத்தில் காற்று அறைந்தது. வலி இல்லை.

அடுத்த வாரமே மறுபடியும் வேன் போய்விட்டது. அதே பஸ் நிறுத்தம். காலைக் கூட்டம். தூத்துக்குடி பஸ் ஒன்று ஏர் ஹாரனை அடித்தபடி திரும்பியது.

முனகல் நின்றது.

வடிவின் கால்கள் தாமாகவே முறுக்கேறின. பாய்ந்தால் இப்போது பிடித்துவிடுவாள். அது அவளுக்கே தெரியும்.

அவள் பாயவில்லை. ஒரு எட்டு வைத்து அவன் எதிரே வந்து குனிந்தாள். டவுசருக்குப் போன இரண்டு கைகளையும், துடைப்பதற்குள், தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள்.

குதிகால் எழும்பியது. நின்றது. மெல்ல இறங்கியது.

பஸ் கடந்து போனது. முகிலன் ஓடவில்லை.

அவன் கைகளை விடாமல் வடிவு அப்படியே ரோட்டோரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பயமே கிடையாது என்று அவள் சொல்லிவந்த பிள்ளையின் கைகள் வியர்த்துத் தெப்பமாக நனைந்திருந்தன.