குறையாத தட்டும் குறைந்த திருமேனியும்

முன்னொரு காலத்தில், பெயரைக் குறிப்பிட்டால் எவருடைய மனமேனும் புண்படக்கூடும் என்பதால் பெயரின்றியே விடப்படுகின்ற ஒரு நாட்டைத் திருமேனிராயர் என்னும் மன்னர் ஆண்டு வந்தார். அவரைப் பருத்தவர் என்று கூறுவது முறையாகாது. அவர் ஓர் இருக்கையில் அமர்ந்தால் அவ்விருக்கை முழுமையாகப் பயன்பட்டது என்று மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளலாம்.

மன்னருக்குப் பலகாரங்களின்மேல் அன்பு மிகுதி. அதிரசம், முறுக்கு, சீடை, தேன்குழல், நெய்ப் பணியாரம் ஆகியவை குவிந்த பொற்றட்டு ஒன்று எந்நேரமும் அவருடைய வலக்கைப் பக்கம் இருக்கும். அரச குலத்தவர் அத்தட்டில் வைத்ததைத் தவிர வேறெதிலிருந்தும் பலகாரம் உண்பதில்லை என்பது அக்குலத்தின் மரபு. வழக்குக் கேட்கும்போது சீடை, தூதரை வரவேற்கும்போது பணியாரம் என்று அரசாட்சி இடையறாது நடைபெற்றது. வாயில் அதிரசம் இருக்கையில் மன்னர் கடுந்தண்டனை விதித்ததில்லை என்பதை அறிந்த திருடர்கள், அந்த நேரம் பார்த்தே சபைக்குள் அழைத்துச் செல்லப்பட விரும்பினார்கள்.

அரண்மனை வைத்தியர் மாசிலாமணியார் இதைக் கண்டு கவலையுற்று, கொள்ளுக் கஞ்சியும் வெண்பூசணிச் சாறும் பத்தியமாக விதித்தார். மன்னர் வைத்தியரின் சொல்லை மறுக்கவில்லை. கஞ்சியைக் குடித்தார், பின்னர்ப் பலகாரத்தையும் உண்டார். எண்ணெய் காயும் மணமே ஆவலுக்குக் காரணம் என்று கண்டறிந்த வைத்தியர், பலகார மடைப்பள்ளியை நகருக்கு அப்பாலுள்ள குன்றின் உச்சிக்கு மாற்றச் செய்தார். பணியாளர்கள் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு செங்குத்தான படிகளில் நாள்தோறும் ஏறி இறங்கினார்கள். ஓராண்டில் சுமந்தவர்கள் இளைத்தார்கள்; உண்டவர் இளைக்கவில்லை. தமது முறை பாதி வெற்றி பெற்றுவிட்டதாக வைத்தியர் அறிவித்தார்.

இவ்வாறிருக்க, அறுவடைத் திருநாள் நெருங்கியது. அன்று சிற்றரசர்கள் அனைவரும் கூடியிருக்க, மன்னர் தம் பாட்டனாரின் சிம்மாசனத்தில் அமர்ந்து காணிக்கை பெற வேண்டும். அதற்கு ஒரு மாதம் இருக்கையில், கருவூலத்திலிருந்த அந்த ஆசனத்தைத் துடைத்துச் சபைக்குக் கொண்டு வந்தார்கள். பாட்டனார் மெலிந்த தேகத்தவர். மன்னர் ஒத்திகையாக அதில் அமர்ந்தார். சற்று முயன்றபின் அமர்வது கைகூடியது. அவர் எழுந்தபோது சிம்மாசனமும் உடன் எழுந்தது.

சபையோர் தத்தம் கால்விரல்களை ஆராயலாயினர். தலைமை அமைச்சராகிய பிரதானி கருணாகரர் மட்டும் கைகூப்பி முன்வந்தார்.

“மன்னர் பெருமானே, உயிரற்ற ஆசனத்திற்கும் தங்களைப் பிரிய மனம் வரவில்லை. என்னே தங்கள் காந்தம்!”

சபையோர் தலையசைத்து ஆமோதித்தனர். அப்போது தூணருகில் நின்றிருந்த அவை விகடர் வெண்காடர் மெல்லிய குரலில், “அன்பினால் ஒட்டியதை ஆள் வைத்து இழுத்துப் பிரிப்பது பாவம். திருநாள்வரை இப்படியே உலா வரட்டும்” என்றார். பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார்.

தச்சர்கள் வந்து மன்னரை விடுவித்தபின், அவருடைய கோபம் முழுவதும் வெண்காடரின்மேல் திரும்பியது. பிரதானியும் வைத்தியரும் நெடுநாளாக எதிர்பார்த்திருந்த தருணம் அது. தாங்கள் பேசினால் மன்னர் உறங்கிவிடுவதும், வெண்காடர் பேசினால் விழித்துக்கொள்வதும் அவ்விருவருக்கும் தீராத மனக்குறை. எனவே, இத்தனை கூர்மையான அறிவு படைத்தவரே மன்னரின் திருமேனியைக் குறைத்துக் காட்டட்டும் என்று அவர்கள் மிகுந்த மரியாதையுடன் முன்மொழிந்தார்கள்.

மன்னருக்கு அந்த யோசனை பிடித்தது. அவர் முரசறையச் செய்த கட்டளை இது:

“திருநாளுக்குள் எமது எடை குறைய வேண்டும். எமது தட்டில் பலகாரம் ஒன்றேனும் குறையக் கூடாது. இதைச் செய்து முடிக்காவிடில் வெண்காடன் தன் மனைவியுடன் அன்று மாலையே நாட்டை விட்டு நீங்க வேண்டும்.”

பிரதானிக்கு அதுவும் போதவில்லை. விகடர் பலகாரத்தில் வேம்பைக் கலந்து மன்னரை வெறுக்கச் செய்யக்கூடும் என்று அஞ்சுவதாகக் கூறி, சட்டியிலிருந்து இறங்கியது முதல் மன்னரின் வாய் சேரும்வரை பலகாரத்தில் மன்னரின் கையன்றி வேறு கை படலாகாது என்பதையும் சேர்க்கச் செய்தார். சூது நேராமல் கண்காணிப்பவர் யார் என்று மன்னர் வினவியபோது, பிரதானியும் வைத்தியரும் ஒரே குரலில், “நாங்கள் இருவரும் தங்கள் நிழலாகவே இருப்போம்” என்று வாக்களித்தார்கள். அதுவும் முரசில் சேர்ந்தது.

வெண்காடர் வீடு திரும்புமுன்பே செய்தி வீடு வந்து சேர்ந்திருந்தது. அவருடைய மனைவி தையல்நாயகி நல்ல கட்டான உடலும் தயங்காத நாவும் உடையவள். பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களைக் கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இப்பவே மூட்டை கட்டட்டுமா, இல்ல ஒரு மாசம் கழிச்சுக் கட்டிக்கலாமா?”

“அவசரப்படாதே. கட்டளையில ஓட்டை இருக்கு.”

“ஓட்டை நம்ம கூரையிலதான் இருக்கு. அதையே நீங்க ஒரு வருஷமா அடைக்கல. சிம்மாசனம் ஒட்டிக்கிட்டா மத்தவங்க மாதிரி வாயை மூடிக்கிட்டு நிக்க வேண்டியதுதானே?”

“எல்லாரும் வாயை மூடிக்கிட்டா ராசா எந்திரிக்கும்போதெல்லாம் நாற்காலியும் எந்திரிக்கும்” என்றார் வெண்காடர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் பாத்திரங்களை அவள் மீண்டும் பரணில் ஏற்றவில்லை.

மறுநாள் காலையில் மன்னர் கொலுவில் அமர்ந்து, முதல் நாள் நிரப்பிய தட்டிலிருந்து ஓர் அதிரசத்தை எடுக்கக் கையை நீட்டினார். வெண்காடர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார்.

“மன்னர் பெருமான் பொறுத்தருள வேண்டும். அதை எடுத்தால் தட்டில் ஒன்று குறையும். ஒன்றேனும் குறையக் கூடாது என்பது தங்கள் கட்டளை. தங்கள் கட்டளையைத் தாங்களே மீறினால் குடிகள் எவரைப் பார்த்து ஒழுகுவார்கள்?”

மன்னர் கையைப் பின்னுக்கு இழுத்தார். சற்று எண்ணிப் பார்த்து, முதலில் வேறோர் அதிரசத்தைக் கொண்டுவந்து தட்டில் சேர்த்துவிட்டால் பின்னர் ஒன்றை எடுப்பதில் தவறில்லையே என்று கேட்டார்.

“சிறிதும் தவறில்லை. ஆனால் சட்டியிலிருந்து இறங்கியது முதல் தங்கள் கையன்றி வேறு கை படலாகாது என்று பிரதானியார் அருளியிருக்கிறார்.”

அனைவரும் பிரதானியைப் பார்த்தார்கள். அவர் விதானத்து ஓவியத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்டவர்போல் ரசித்துக்கொண்டிருந்தார்.

மன்னருக்குச் சினம் பொங்கியது. ஆனால் முரசறைந்த கட்டளையை ஓர் அதிரசத்திற்காக விழுங்குவது அரசகுலத்திற்கு இழுக்கு. சினத்தைவிடப் பசி பெரிதாக இருந்தமையால் அவர் எழுந்து குன்றை நோக்கி நடந்தார். படிகளில் பல்லக்கு ஏறாது, டோலி ஏறும். எனினும் மன்னரைத் தாங்கவல்ல டோலி அந்நாட்டில் செய்யப்பட்டிருக்கவில்லை.

பிரதானியும் வைத்தியரும் தங்களுக்கென இரண்டு டோலிகளைத் தருவித்தார்கள். வெண்காடர் குறுக்கே வந்து, “உரியவர் நடக்கையில் நிழல் டோலியில் போவதை அடியேன் எங்கும் கண்டதில்லை” என்றார். மன்னர் திரும்பிப் பார்த்தார். நிழல்கள் டோலியிலிருந்து இறங்கின.

மடைப்பள்ளியை அடைந்தபோது மூவரும் பேசும் நிலையில் இல்லை. சுடச்சுடப் பணியாரத்தைக் கண்ட வைத்தியர், தம்மை மறந்து கையை நீட்டினார்.

“வைத்தியரே, நிழல் தின்னுமா?” என்று கேட்டார் வெண்காடர்.

மூச்சிரைத்துக்கொண்டிருந்த மன்னருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. தட்டில் வைத்ததையே உண்ணும் குலமரபினால் தாமும் நாவைக் கட்டிக்கொண்டு நிற்கையில் இவ்விருவரும் கட்டிக்கொண்டு நிற்பது அவருக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

முதல் நாள் மன்னர் தம் பட்டு மேலாடையை விரித்து, அது கிழியுமளவு பலகாரங்களை அள்ளிக்கொண்டார். வெண்காடர் தடுக்கவில்லை. பாதிப் படி இறங்குவதற்குள் சுமை தாளாமல், சீடைகளைக் குரங்குகளுக்கு இறைத்தார். அடுத்த திருப்பத்தில் முறுக்குகளும் சென்றன. சபையை அடைந்தபோது எஞ்சியிருந்தவை நான்கு அதிரசங்கள். அவற்றைத் தட்டில் வைத்து, வேறு நான்கை எடுத்து, கண்களை மூடிக்கொண்டு மெல்ல மென்றார். அன்று சபையில் எந்த வழக்கும் கேட்கப்படவில்லை. அதிரசத்தில் ஏலக்காய் சேர்ப்பார்கள் என்பதை மன்னர் அன்றுதான் அறிந்தார்.

நாட்கள் சென்றன. மன்னர் இப்போது மடைப்பள்ளியில் நெடுநேரம் நின்று, ஒவ்வொன்றையும் பார்த்து, இது சுமக்கத் தகுந்ததுதானா என்று எண்ணலானார். சீடை தமக்குப் பிடித்ததேயில்லை என்பதும், அருகில் இருந்த ஒரே காரணத்தால் அதை இத்தனை ஆண்டுகள் உண்டு வந்திருப்பதும் அவருக்குப் புலப்பட்டன. பிடித்தவற்றில் இரண்டையோ மூன்றையோ எடுத்துக்கொண்டு இறங்குவார், மகிழ்ச்சியுடன் உண்பார், இன்னும் வேண்டுமா என்று குன்றைப் பார்ப்பார், வேண்டாம் என்று முடிவு செய்வார். அவருடைய ஒட்டியாணத்தை இரண்டு முறை இறுக்க வேண்டியதாயிற்று. நிழல்கள் இருவரும் முகம் வற்றி, கோபத்தினால் மட்டுமே நடமாடினார்கள்.

திருநாள் நெருங்க நெருங்க, விகடர் வென்றுவிடுவார் என்பது தெளிவாயிற்று. பிரதானி இறுதியாக ஒரு சூழ்ச்சி செய்தார். திருநாளுக்கு முதல் நாள் மாலை, சபையில் எவருமில்லாத வேளையில், தட்டின் அடியிலிருந்து ஒரு தேன்குழலை உருவினார். மேலே எதுவும் கலையவில்லை. உருவியதை எங்கே ஒளிப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு மாதப் பசி அந்தக் கேள்விக்கு விடை கூறியது.

மறுநாள் சிற்றரசர்கள் வரிசையாக நிற்க, மன்னர் சிம்மாசனத்தை நோக்கி வந்தார். பிரதானி அவர் முன் மண்டியிட்டார்.

“பெருமானே, சொல்ல நாக் கூசுகிறது. தங்கள் கட்டளை மீறப்பட்டுவிட்டது. தட்டில் ஒரு தேன்குழல் குறைகிறது. விகடர் இன்று மாலையே நாட்டை விட்டு நீங்க வேண்டும்.”

பெண்கள் வரிசையில் நின்றிருந்த தையல்நாயகி தூணைப் பற்றிக்கொண்டாள். மன்னரும் வருத்தத்துடன் விகடரைப் பார்த்தார். கட்டளை கட்டளைதான்.

வெண்காடர் தட்டின் அருகே சென்று அந்தக் குவியலைச் சுற்றி வந்தார்.

“இதில் எத்தனை தேன்குழல் என்று அடியேன் எண்ணியதில்லை. தம் கையாலேயே வைத்த மன்னரும் எண்ணியதில்லை. குவியலும் கலையவில்லை. பிரதானியாருக்கு மட்டும் கணக்குத் தெரிந்திருக்கிறது.”

“விழிப்புடன் இருப்பது எமது கடமை” என்றார் பிரதானி.

“ஐயம் ஒன்றே. மன்னர் நாள்தோறும் மேலே வைத்து மேலிருந்தே எடுத்தார். அடியில் இருப்பவை ஒரு மாதமாகக் கிடந்து ஊசிப்போனவை. மேலே கலையாமல் குறைந்திருந்தால் அது அடியிலிருந்தே போயிருக்க வேண்டும். அதை உண்டவர் இந்நேரம் என்ன பாடு படுகிறாரோ என்பதுதான் அடியேனின் கவலை.”

பிரதானி விடைகூற வாயைத் திறந்தார். அவருக்கு முன் அவருடைய வயிறு பேசிவிட்டது. கடைசி வரிசையிலிருந்த சிற்றரசர்வரை அது கேட்டது. அவர் இரு கைகளாலும் அதை அடக்க முயன்றார். அது மேலும் விரிவாகப் பேசியது. விடைபெற்றுச் செல்ல அனுமதி கோரும் மரபுண்டு. அனுமதி கோருவதற்கு முன்பே பிரதானி வாயிலைக் கடந்திருந்தார்.

மன்னருக்கு வந்த சிரிப்பில் நிற்க இயலாமல் அவர் சிம்மாசனத்தில் சாய்ந்தார். சிரித்து முடித்து எழுந்தார். ஆசனம் இருந்த இடத்திலேயே இருந்தது. சிற்றரசர்கள் அதை இயல்பென்று கருதினார்கள். அறிந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். கையிட்டவருக்கு என்ன தண்டனை என்று எவரோ கேட்டபோது, ஒரு மாதம் கொள்ளுக் கஞ்சியும் பூசணிச் சாறும் என்று மன்னர் தீர்ப்பளித்தார். அதைக் காய்ச்சும் பொறுப்பும், உடன் உண்ணும் பொறுப்பும் வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டன.

பின்னர் வெண்காடருக்கு எடைக்கு எடை பொன் வழங்குவதாக மன்னர் அறிவித்தார். துலாத்தட்டு கொண்டுவரப்பட்டது. வெண்காடர் இயல்பிலேயே ஒல்லியானவர். மன்னரைத் தொடர்ந்து குன்றேறியதில் மேலும் மெலிந்திருந்தார். அவர் அமர்ந்தபோது தட்டு பெயரளவில் தாழ்ந்தது. அவர் இறங்கிக் கைகூப்பினார்.

“மன்னர் பெருமானே, அடியேன் இன்னும் முழுமையாக அமரவில்லை.”

“மிச்சம் எங்கே இருக்கிறது?”

“மனைவி கணவனில் சரிபாதி என்று திருமணந்தோறும் தங்கள் சபையிலிருந்தே வாழ்த்து அனுப்புகிறீர்கள். அடியேனின் சரிபாதி அந்தத் தூணருகில் நிற்கிறது.”

மன்னர் கையசைத்தார். காவலர்கள் வழிவிட, தையல்நாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கணவரின் காதருகில் சீறினாள்.

“ஊரு பாக்க என்னைத் தராசுல ஏத்தணுமா?”

“எடைக்கு எடை பொன்னு.”

அவள் ஒரு கணம் துலாத்தட்டைப் பார்த்தாள்.

“அதைக் காலையிலேயே சொல்லக் கூடாதா? ரெண்டு கொழுக்கட்டை கூடத் தின்னுட்டு வந்திருப்பேனே” என்று கூறிக்கொண்டே கணவருடன் ஏறி அமர்ந்தாள்.

தட்டு தரையைத் தொட்டது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அச்சிரிப்புக்கிடையிலேயே, மறுதட்டில் பொன்னைக் கொட்டிக்கொண்டிருந்த கருவூலக்காரர் கையை நிறுத்திய ஒவ்வொரு முறையும், “இன்னும், இன்னும்” என்று சைகை காட்டினார்.