வால்வுப் பெட்டியின் இருமல்

ஒரு காலத்தில், கோயமுத்தூரில் நந்தகோபால் என்பவர் வீட்டு ஹாலில், ஒரு தேக்கு அலமாரியில் மூன்று பேர் கூட்டுக்குடித்தனம் நடத்தி வந்தார்கள். ஸ்பீக்கர்கள் இரட்டைப் பிறவிகள், எதையும் சேர்ந்தே சொல்வார்கள் என்பதால் அவர்களை ஓர் ஆளாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மூத்தவன் ஆம்ப்ளிஃபையர். இரும்பு உடம்பு, உள்ளே முழுக்க டிரான்சிஸ்டர். சுவிட்சிலிருந்து விரலை எடுப்பதற்குள் விழித்துவிடுவான். புதிதாக வந்தவள் ப்ரீஆம்ப் வேலை பார்க்கும் வால்வுப் பெட்டி. தலையில் இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் சூடேறிச் சிவந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். பாட்டு முதலில் அவளிடம் வரும். அவள் அதைப் பதமாக்கிக் கொடுப்பாள். அவளுக்குக் குரலில் ஈரம் உண்டு, உடம்பில் வலு கிடையாது. வலுவை ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பான். ஸ்பீக்கர் சகோதரிகள் அதை வீட்டுக்குச் சொல்வார்கள்.

நந்தகோபால் எல்லா ஒயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி வைத்திருந்தார். “ஒரே தட்டு, அத்தனையும் எந்திரிச்சுக்கும்” என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை வேறு.

அந்த ஒரே தட்டில்தான் தினமும் வினை வந்தது. தட்டினதும் ஆம்ப்ளிஃபையர் விழித்துக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்து வால்வுப் பெட்டி சூடேறுவாள். உடனே ஸ்பீக்கரில் ‘டொம்’ என்று ஓர் இடி விழும்.

“அக்கா, இன்னொரு தடவை இப்படி அடிச்சா எங்க நெஞ்சு கிழிஞ்சு போயிரும்” என்று சகோதரிகள் அழுதார்கள்.

“வேணும்னு பண்ணலை கண்ணுகளா. சூடேறி எந்திரிக்கறப்ப ஒரு இருமல் வருது. அடக்கினாலும் நிக்க மாட்டேங்குது.”

ஆம்ப்ளிஃபையர் சிரித்தான். “அம்மிணி, நான் இலை போட்டு உக்காந்தாச்சு, நீ இப்பத்தான் அரிசி களையறே. எனக்கென்ன? வர்றதைப் பெருசாக்கிக் குடுக்கறது என் வேலை. நீ இருமுனா இருமலைக் குடுப்பேன்.”

அவள் சீக்கிரம் எழுந்துவிடப் படாத பாடு பட்டாள். கண்ணாடி சூடாக வேண்டிய நேரத்துக்குத்தான் சூடானது.

கடைசியில் நந்தகோபாலின் மனைவி பிரேமலதா பொறுமை இழந்தாள். “ஏனுங்க, அது வந்த பொறகு பாட்டு தேனாட்டம் இருக்குது, நான் இல்லீங்கலை. ஆனா அது எந்திரிக்கற சத்தத்துல ஈரக்குலையே நடுங்குது. ஒரு நாளைக்கு ஸ்பீக்கரும் போயிருமுங்க. யாருக்காவது குடுத்துருங்க.”

நந்தகோபால் மனசே இல்லாமல் நண்பர் கிருஷ்ணராஜுக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து, பாடவைத்துக் கேட்டுவிட்டு எடுத்துப் போவதாகப் பேச்சு. அதுவரை வால்வுப் பெட்டியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்பை மாட்டினார்.

பழையவன் இருமவில்லை. பாட்டு கணீரென்று கேட்டது. ஆனால் அவரைக்காய் நறுக்க உட்கார்ந்த பிரேமலதா, பாதியிலேயே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நந்தகோபால் போனை நோண்டிக்கொண்டிருந்தார். தான் இல்லாமலும் எல்லாம் நடக்கிறதே என்று தரையிலிருந்த வால்வுப் பெட்டி நினைத்துக்கொண்டாள்.

பாட்டு நின்றதும் மேலிருந்து ஆம்ப்ளிஃபையர் கூப்பிட்டான். “அம்மிணி.”

“பாட்டு நல்லா இருந்துச்சுங்களாண்ணா?”

“சத்தமா இருந்துச்சு” என்றான். பிறகு மெல்லச் சொன்னான்: “அந்தப் பழையவன் வறட்சியைக் குடுத்தான், நான் அதையே பெருசாக்கிக் குடுத்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நீ தொண்டையைத்தான் செருமுனே. அதை இடியாக்குனது நானு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆகிப்போச்சு.”

“நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க வேலை அது.”

“நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி எனக்கென்ன வேலை? வேலை இல்லாதவன் முழிச்சிருந்தா இப்படித்தான் ஆகும்.”

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணராஜ் வந்து உட்கார்ந்தார். நந்தகோபால் வால்வுப் பெட்டியை மறுபடி மாட்டி, பெருமையோடு அந்த ஒரே தட்டைத் தட்டினார். கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவந்தன. ஆம்ப்ளிஃபையர் மட்டும் இருட்டாகவே கிடந்தான். ‘இன்னைக்கு மட்டும் என்னைத் தூங்க விடப்பா’ என்று தன் முகத்தில் எப்போதும் உள்ளே அழுந்தியே கிடக்கும் பட்டனிடம் அவன் கெஞ்சியிருந்தான். அதுவும் மனமிரங்கி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

“அட கெரகமே, இதும் போயிருச்சா!” நந்தகோபால் அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்து ஒயர் ஒயராக ஆட்டிப் பார்த்தார். பிரேமலதா கிருஷ்ணராஜுக்குக் காப்பி கொடுத்தாள். இதற்குள் வால்வுப் பெட்டி சூடேறிவிட்டாள். இருமலும் வந்தது. போயிற்று எல்லாம் என்று அவள் நடுங்கினாள். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

“பட்டன் வெளிய வந்திருக்குதுங்க” என்று பிரேமலதாதான் காட்டினாள். நந்தகோபால் அழுத்தினார். ஆம்ப்ளிஃபையர் கண் விழித்தான். அடி விழப்போகிறதென்று சகோதரிகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். அடிக்குப் பதிலாகப் பாட்டு வந்தது, அதே பழைய ஈரத்தோடு.

“ஏனுங்க, குண்டு சத்தத்தைக் காணோம்?”

நந்தகோபால் சிவந்த குழாய்களையும் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தார். “அது எந்திரிச்ச பொறகுதான் இதை எழுப்போணுமாட்ட இருக்குது. நாந்தான் ரெண்டையும் ஒண்ணா உசுப்பிவிட்டுட்டு இருந்திருக்கறேன்.”

“ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்” என்றாள் பிரேமலதா, அவரைக்காய்த் தட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டு.

கிருஷ்ணராஜ் தம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப எனக்கு இது கெடையாதா?”

“காப்பி வேணா இன்னொண்ணு குடிங்க” என்றார் நந்தகோபால்.

வால்வுப் பெட்டிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் பாடியதை எல்லாம் பிரேமலதா கடைசிக் காய் நறுக்கும் வரை கேட்டாள்.

அதிலிருந்து முதலில் வால்வுப் பெட்டி எழுவாள், பிறகு ஆம்ப்ளிஃபையர். படுக்கும்போது முதலில் அவன், பிறகு அவள்.

ஒரு நாள் சகோதரிகள் கேட்டார்கள்: “அக்கா, உன் இருமல் எப்படி நின்னுச்சு?”

“எங்க நின்னுச்சு? இன்னைக்கும்தான் இருமுனேன்” என்றாள் வால்வுப் பெட்டி. “அதை ஊருக்குச் சொல்லத்தான் ஆள் முழிச்சிருக்கலை.”