விடாத சிவப்பு

மலை ஆசிரமத்து மருந்தகத்தில் குரு பூங்கோதையம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் வேலப்பனுக்கோ ஐம்பத்தைந்து. படிப்புக்கு வயதா கேட்கிறது?

பன்னிரண்டு வருஷம் அவரிடம் வைத்தியம் கற்றாயிற்று. அடிவாரக் கிராமத்தில் மருந்து கொடுக்க ஆளில்லை, நாளைக்கே கிளம்புங்கள் என்று குரு சொல்லிவிட்டார். மறுநாள் காலை வேலப்பன் மூட்டை கட்டாமல் கைகட்டி நின்றார்.

"அம்மா, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நழுவ விட்டதில்லை. என்னை அனுப்பிடாதீங்க."

குரு வாய் திறப்பதற்குள் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். குளிருக்குப் பயந்து, கதவு ஜன்னலை அடைத்து, கரியடுப்பை மூட்டிப் படுத்தவர். எழுப்ப எழுப்ப எழவில்லை.

வேலப்பன் அவர் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டினார். தொண்ணூற்றெட்டு காட்டியது. உதடும் செக்கச்செவேலென்று இருந்தது.

"ஆக்ஸிஜன் நல்லாத்தாம்மா இருக்கு. அசதித் தூக்கம்."

குரு கருவியைப் பார்க்கக்கூட இல்லை. முகமூடியை மாட்டி ஆக்ஸிஜனை முழுக்கத் திறந்தார். அரைமணி கழித்து அந்த மனிதர் கண் விழித்து, தலை வலிக்கிறது என்றார். ஆம்புலன்ஸ் வந்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

வேலப்பன் கழற்றிய கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் உயிரையல்லவா தூங்கட்டும் என்று விடப் பார்த்தார்!

"உதடு அவ்வளவு சிவப்பா இருந்துச்சே, அம்மா?"

"ரத்தத்துல ஹீமோகுளோபின்தான் ஆக்ஸிஜனைச் சுமக்குது. கரியடுப்புல வர்ற கார்பன் மோனாக்ஸைடுங்கற விஷவாயு கிடைச்சா அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். மிச்சம் இருக்கற ஆக்ஸிஜனையும் லேசுல விடாது. அப்பவும் ரத்தம் சிவப்பாவே இருக்கும்; விஷவாயுவையும் ஆக்ஸிஜன்னு எண்ணி, நிறைஞ்சிருக்குன்னுதான் கருவி சொல்லும். உடம்பு மூச்சு முட்டிச் சாகும்."

"அப்போ நல்ல ரத்தம் என்னம்மா பண்ணும்?"

குருவின் முகம் மலர்ந்தது. "அதோட அழகே தனி அண்ணே! நுரையீரல்ல நாலு ஆக்ஸிஜனை ஏத்திக்கும். ஒண்ணு ஏறினா அடுத்தது இன்னும் சுலபமா ஏறும். போற இடத்துல இறக்கிட்டு, ஒரே நிமிஷத்துல மறுபடி ஏத்திக்க வந்துடும். சாகற வரைக்கும் இதே வேலை."

வேலப்பன் தன் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை பெரிய உழைப்பு, தன் உடம்புக்குள்ளேயே!

"எங்கே இறக்கணும்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"உழைச்சுச் சூடேறின சதைகிட்டப் போனதும் பிடி தானாத் தளரும்."

"போறதுக்கு முன்னாடியே தெரியாதா?"

"நுரையீரல்லயே உக்காந்திருந்தா எப்படி அண்ணே தெரியும்?" குரு அடிவாரத்துப் பாதையைக் காட்டினார்.