கழுதை இரவல் கொடுத்த வாய்ப்பெட்டி

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் மனிதரைப் போலப் பேசி, மனிதரைப் போலவே ஏமாற்றியும் வந்த காலத்தில், கழுதையை முதலில் கெடுத்தது குயில்தான். சலவைக்காரன் அல்ல, அவன் பின்னால் வந்தவன். கெடுத்த குயிலுக்குச் செங்கண்ணன் என்று பெயர். கெட்ட கழுதைக்கு நெடுஞ்செவியன் என்று பெயர்.

அப்போது யாருக்கும் இன்ன வேலை என்று கிடையாது. மாடு உழவில்லை, கழுதை சுமக்கவில்லை. சித்திரை பிறந்ததும் எல்லோரும் ஆற்று மணலில் கூட வேண்டும், மூத்தவரான ஆமையார் அவரவர்க்கு வேலை பிரித்துக் கொடுப்பார் என்று பேச்சாகியிருந்தது. ஒரு விதி மட்டும் முன்பே எல்லோருக்கும் தெரியும். பாட்டு வேலை ஒருவருக்குத்தான். அப்படிப் பாடுகிறவன் முதுகில் யாரும் சுமை ஏற்றக் கூடாது.

நெடுஞ்செவியன் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்துக்கொண்டான். நல்ல அகலம். யார் பார்த்தாலும் மூட்டை ஞாபகம்தான் வரும். பாட்டை விட்டால் தனக்கு வேறு வழியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் அவனுக்குக் குரல் வாய்க்கவில்லை. பேசினாலே முனகுவது போலிருக்கும். அதனால் ஆற்றங்கரை நாணலைக் கடித்து, மாவிலை அகலத்தில் சிறு பெட்டி ஒன்று செய்தான். அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் மெல்லிய நாணல் நாக்கு. எல்லாவற்றையும் தேன்மெழுகு வைத்து ஒட்டினான். இன்றைக்கு மவுத் ஆர்கன் என்கிறார்களே, அதற்கு முப்பாட்டன் இதுதான். ஊதினால் ஒரு சுரம் வரும். அதே துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொரு சுரம் வரும். ஊதினால் ச, இழுத்தால் ரி. அடுத்த துளையில் ஊதினால் க, இழுத்தால் ம. வாய்ப்பெட்டி என்று அதற்குப் பெயர் வைத்தான்.

படியேறுவது போல ஏறினான், இறங்கினான். காலையில் ஏறினான், நண்பகலில் இறங்கினான். ஓர் இடத்தில் தப்பினால் அங்கிருந்து தொடர மாட்டான். முதல் துளைக்கே திரும்பி வருவான். ஆற்றில் கழுத்தளவு நீரில் கிடந்த எருமை ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னப்பா, நேத்துத் தின்ன முள்ளு தொண்டையில நிக்குதா?" என்று கேட்டது. அந்தக் கேள்வியில் சுரம் தப்பிவிட்டதால் நெடுஞ்செவியன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

சுரங்கள் படிந்த பிறகுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. ச-வுக்கும் ரி-க்கும் நடுவே இன்னொரு சுரம் ஒளிந்திருக்கிறது. பெட்டியில் அதற்குத் துளை இல்லை. ரி-யை இழுத்துப் பிடித்து, வளைத்து, கீழே இறக்கினால்தான் அது வரும். கிணற்றில் வாளியால் தண்ணீர் இறைப்பது போலத்தான். மூச்சை இழுக்க வேண்டும். பாதிக் கிணற்றில் வாளியை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். நாக்கைத் தாழ்த்திப் பார்த்தான், சுரம் செத்தது. தொண்டையை அகட்டிப் பார்த்தான், இருமல் வந்தது. பலமாக இழுத்தால் பெட்டி கீச்சிட்டது. பெட்டி உரசி உரசி வாயைச் சுற்றியிருந்த மயிர் வெளுத்துப்போனது. அவன் விடவில்லை. வெயில் கொளுத்திய ஒரு நாளில் ரி மெல்ல வளைந்தது. காய்த்த முருங்கைக் கிளை தாழ்வது போலத் தாழ்ந்து, நடுவில் நின்று நடுங்கியது.

எருமை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது. இம்முறை அது கேலி பேசவில்லை. "இன்னொரு தடவை இழு" என்றது.

இதையெல்லாம் கரையோர மாமரத்திலிருந்து செங்கண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குக் குயிலுக்கும் குரல் கிடையாது. தொண்டையில் ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். அவன் தாழ்ந்த கிளைக்கு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, ஊதுறவன் ஊருக்கு நூறு பேரு இருப்பான். இழுக்கிறவன் நீங்க ஒருத்தர்தான்."

அத்தனை நாள் உழைப்பில் நெடுஞ்செவியன் யார் வாயிலிருந்தாவது கேட்க ஏங்கியது அந்த ஒரு சொல்லைத்தான். எருமை சொல்லவில்லை, குயில் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு தினமும் வந்து சொன்னான். பெட்டியை இரவல் கேட்டபோது முதலில் நெடுஞ்செவியன் மறுத்தான். கூட்டத்துக்கு முந்தின நாள் செங்கண்ணன் மறுபடியும் கேட்டான். வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லையாம், ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டால் எழுந்து உட்காருவாளாம். பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்துவிடுவானாம். நெடுஞ்செவியன் கொடுத்தான். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். தொண்டையை எப்படி அகட்டுவது, நாக்கை எங்கே வைப்பது என்றும் காட்டிக் கொடுத்தான்.

பொழுது சாய்ந்தது, குயில் வரவில்லை.

மறுநாள் ஆற்று மணலில் எல்லா உயிரும் கூடியிருக்க, செங்கண்ணன் வெறும் அலகோடு எழுந்து பாடினான். இழுக்க அவனுக்கு வரவில்லை, ஊதத்தான் வந்தது. அதனால் சுரம் கீழே வளையாமல் மேல்நோக்கி வளைந்தது. ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட ஒரு படி உயரம். உச்சிக்குப் போனதும் பட்டென்று முறிந்தது. முறிந்ததை யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் வாயைப் பிளந்து நின்றது.

நெடுஞ்செவியன் முன்னால் வந்தான். "அது என் பெட்டியோட சத்தம். பெட்டியைத் திருப்பிக் கொடு."

செங்கண்ணன் ஆமையாரைப் பார்த்துப் பேசினான். வெறும் பெட்டி மாமரத்தடியில் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். உள்ளேயிருந்த நாணல் நாக்குகள் தெரியாமல் தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டன, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றான்.

ஆமையார் கழுதையிடம், பாட்டு உன்னுடையது என்றால் நீயும் பாடிக் காட்டு என்றார். நெடுஞ்செவியன் வாயைத் திறந்தான். வாயில் பெட்டி இல்லை. இருந்தும் பழகியபடியே மூச்சை உள்ளே இழுத்தான், 'ஈ' என்று ஒரு சத்தம். வெளியே விட்டான், 'ஆ' என்று ஒரு சத்தம். கூட்டம் சிரித்தது. குரங்கு மணலில் உருண்டு உருண்டு சிரித்தது. நெடுஞ்செவியன் நிறுத்தவில்லை. ஏற வேண்டிய படியெல்லாம் ஏறி, வளைக்க வேண்டிய இடத்தில் வளைத்து, முடிவில் மூச்சு விக்கி விக்கி அடங்கும்வரை முழுதாகப் பாடினான்.

எருமை மட்டும் சிரிக்கவில்லை. "இழுக்கிறது இவன் வித்தை. நான் கூடவே கெடந்து கேட்டிருக்கேன்" என்றது.

ஆமையார் வெகுநேரம் தலையை ஓட்டுக்குள் வைத்திருந்தார். பிறகு நீட்டிச் சொன்னார்: "பாட்டு வேலை குரல் இருக்கிறவனுக்குத்தான். உனக்குச் சுமக்கிற வேலை. ஆனா இரவல் இரவல்தான். குயிலு என்னைக்குத் திருப்பிக் கொடுக்கிறானோ, அன்னைக்கு உன் முதுகுச் சுமை இறங்கும்."

"என்னைக்குக் கொடுப்பான்?" என்று நெடுஞ்செவியன் கேட்டான்.

"நாளைக்கு" என்று சொல்லிவிட்டுக் குயில் பறந்தான்.

அந்த 'நாளைக்கு' இன்னும் விடியவில்லை. கொடுக்க வேண்டியவன் முகம் காட்டுவானா? குயில் அடர்ந்த இலைக்குள் ஒளிந்துகொண்டுதான் கூவுகிறது. வீடு கட்டினால் தேடி வந்து வாசலில் நிற்பார்களே என்று சொந்தமாகக் கூடும் கட்டுவதில்லை. காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவுகிறது. சலவைக்காரன் வந்து நெடுஞ்செவியன் முதுகில் அழுக்கு மூட்டையை ஏற்றினான். மூட்டையோடும் அவன் பாடினான். முயற்சியை விடாதவன் குரலைக் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் போன காரியம் கைகூடும் என்று வழிப்போக்கர்கள் நின்று கேட்டுப் போனார்கள். அவர்கள் காரியமெல்லாம் கைகூடியது.

அன்று முதல்தான் வெளுத்த வாயோடு கழுதை மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும் கத்துகிறது. கத்தி முடித்ததும் இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு மரத்துப் பக்கம் பார்த்து நிற்கிறது. பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.