மூன்று பேர் ரிஃப்ளெக்டிவ் ஆன கதை

பூவந்திவிளை அன்னையர் ஜெபக்கூட்டத்தில் மூன்றே பேர். ஆண்டவர் அவர்களுக்குப் பக்தியை மரக்கால் மரக்காலாக அளந்தார். மூளையை அளக்க வரும்போது அவருக்குக் கை கடுத்துப்போயிருக்க வேண்டும்.

மூத்தவள் சவரியம்மாள். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் மலைமாதா கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்திருந்தாள். பேரனுக்குப் பல்லே முளைத்துவிட்டது. இன்றைய கொடியேற்றத்துக்கும் போகாவிட்டால் மாதா முகத்தில் எப்படி முழிப்பது?

பெரிய ரோட்டில் நடக்க அனுமதி கேட்டபோது, வண்டி வெளிச்சத்தில் மின்னும் பட்டை வைத்த சட்டையோடு நின்ற இன்ஸ்பெக்டர் சொன்னார்: "எல்லாரும் ரிஃப்ளெக்டிவா வரணும். இல்லேன்னா செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிருவேன்."

சவரியம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். ஆகவே மகனுடைய அகராதியை அவள்தான் புரட்டினாள்.

"ரெண்டு அர்த்தம் போட்டிருக்குட்டி. ஒண்ணு, உருவத்தைத் திருப்பிக் காட்டுறது. இன்னொண்ணு, ஆழ்ந்து சிந்திக்கிறது."

"போலீசு எதைச் சொன்னாராம்?" என்றாள் ஞானப்பூ.

"எதுக்கு வம்பு? ரெண்டையும் செஞ்சிருவோம்."

ஞானப்பூ முதுகில் பீரோக் கண்ணாடியைக் கட்டினார்கள். அவள் முன்னால் நடக்க, சவரியம்மாளும் சந்தனமேரியும் பின்னால் சிந்தித்துக்கொண்டே போனார்கள்.

"யக்கா, என்னத்தச் சிந்திக்க?"

"அது அகராதியில போடலியே. சும்மா சிந்தி."

சிந்தித்ததில் சந்தனமேரி மைல்கல்லில் முட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கிவிட்டு நிமிர்ந்த சவரியம்மாள் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே ஒரு கோயில் கோபுரம்!

"மாதாவே! கோயில் வந்துட்டு!"

ஓட்டமாய் நடந்தார்கள். நடக்க நடக்கக் கோபுரம் சிறுத்துக்கொண்டே போனது.

"மாதா நம்மள விட்டு விலகுறாக்கா," என்று சந்தனமேரி அழுதாள்.

சவரியம்மாள் நடையை நிறுத்தினாள். நேர்ச்சையைத் தள்ளிப்போட்ட கோபமாகத்தான் இருக்கும். கண்ணை மூடி ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். பிறகு வாழ்க்கையில் முதன்முறையாக நிஜமாகவே சிந்தித்தாள்.

"முன்னால நடந்தா விலகுறாள்னா, பின்னால நடந்தா கிட்ட வருவா!"

மூவரும் பின்பக்கமாகவே நடந்தார்கள். கோபுரம் வளர்ந்தது. மணிச்சத்தம் கேட்டது. கடைசியில் முதுகு கோயில் கதவில் இடிக்க, செபமாலையோடு அப்படியே மண்டியிட்டார்கள்.

"நம்மூர் கோயில் மாதிரியே கட்டியிருக்காங்க, பாரேன்," என்று ஞானப்பூ வியந்தாள்.

உள்ளே பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த சவரியம்மாளின் வீட்டுக்காரர் மிக்கேல் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, இன்னும் கிளம்பலியா நீங்க?"

சவரியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சோறு வடிச்சு மூடி வச்சிட்டுத்தானே வந்தேன்? ஒரு பொழுது என்னைப் பாக்காம இருக்க முடியாம, இம்புட்டு தூரம் எனக்கு முந்தி ஓடி வந்துட்டீங்களே!"