சுவரைத் தின்ற முத்துப்பேச்சி

ஒரு ஊர்ல ஒரு சுவரு. ராஜா வருவார்னு பாத்தியாடா? இந்தக் கதையில ராஜா கிடையாது. சுவருதான். செம்மண்ணைக் குழைச்சு, வைக்கோல் போட்டு மிதிச்சு எழுப்புன சுவரு. அந்தப் பக்கம் அண்ணன் வீடு, இந்தப் பக்கம் தம்பி வீடு. முன்னால ஒரே வீடா இருந்ததுதான். கோழி யாரு பக்கம் முட்டை போட்டுச்சுங்கிறதுல சண்டை வந்து, நடுவுல சுவரு வந்துருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. கோழி மட்டும் ரெண்டு பக்கமும் போயிட்டு வந்துச்சு. அதுக்கு ஏது ரோஷம்? எங்க, ‘ம்’ சொல்லு.

தம்பி பொண்டாட்டி பேரு முத்துப்பேச்சி. அவ வயித்துல பிள்ளை இருந்துச்சு. கூட இருந்தது மாமியா குருவம்மா. நெறையத் தின்னா பிள்ளை பெருத்துரும், வெளிய வராதுன்னு சொல்லி, மருமகளுக்குக் கால் வயித்துக் கஞ்சிதான் ஊத்துவா. கீரை தின்னா பிள்ளைக்கு வயித்தால போகுமாம். முட்டை தின்னா மொட்டைத் தலையா பொறக்குமாம். கெட்டவ இல்லடா, பயந்தவ. அவ கூடப் பொறந்த தங்கச்சி பிரசவத்துல போயிட்டா. பிள்ளை பெருசா இருந்ததுதான் காரணம்னு அவ மனசுல பதிஞ்சுபோச்சு.

அப்புறம் ஒரு நாள் தூறல் போட்டுச்சு. சொட்டு சொட்டுனு சுவத்துல விழ, மண்வாசம் குப்புனு வந்துச்சு. பசியில இருந்த முத்துப்பேச்சி, நகத்தால ஒரு பொட்டு மண்ணைச் சுரண்டி வாயில போட்டா. கறுக். நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு பொட்டு. முறுக். முதல்ல எலுமிச்சங்காய் அளவு பள்ளம். அப்புறம் தேங்காய் அளவு. அப்புறம் குடத்தையே உள்ள வைக்கலாம். வீட்டுக்காரன் எலின்னு நெனச்சுப் பொறி வச்சான். பொறியில இருந்த தேங்காச் சில்லையும் அவளே தின்னுட்டா.

அப்போ ஊருக்கு வர்ற நர்சம்மா வந்தாங்க. முத்துப்பேச்சி கண்ணு இமையைக் கீழ இழுத்துப் பாத்தாங்க. உள்ள வெள்ளைத்தாள் மாதிரி இருந்துச்சு. நகத்துல செம்மண்ணு. ஒடம்புல ரத்தம் இல்லம்மா, அதான் மண்ணுமேல ஆசை வருது, இப்படியே விட்டா பிரசவத்துல தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்துன்னு சொல்லி, சத்து மாத்திரை குடுத்துட்டுப் போனாங்க. மாத்திரை போட்டா பிள்ளை கறுத்துரும்னு குருவம்மா அதைத் தூக்கிக் கோழிக்குப் போட்டுட்டா. அந்தக் கோழி என்னாச்சு தெரியுமா? கொண்டை செக்கச்செவேல்னு ஆகி, கெக்கெக்கேனு கத்திக்கிட்டு, தெருநாயைக் கம்மாக்கரை வரைக்கும் வெரட்டுச்சு. பொய்யா? அந்த நாய்கிட்டக் கேட்டுப்பாரு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் ஒரு மத்தியானம், பொத்துனு கடைசி மண்ணு உதிந்து, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சுது. வெளிச்சத்துல ஒரு கண்ணு. பெரியவன் பொண்டாட்டி சொர்ணத்தாயோட கண்ணு. சுவரு மெலிஞ்சுபோனதுல நர்சம்மா சொன்னதெல்லாம் அவ காதுலயும் விழுந்துருச்சு. அவ ஒண்ணும் பேசல. பேச்சுத்தான் கிடையாதே. வளையல் கலகலன்னு ஒரு கை ஓட்டை வழியா வந்துச்சு. கையில ஒரு கிண்ணம். கிண்ணத்துல முருங்கைக்கீரை.

அடுத்த நாள் அதே கை. அவிச்ச முட்டை. சண்டைக்குக் காரணமான கோழி போட்டதேதான். அதுக்கு அடுத்த நாளும் கை வந்துச்சு. கருப்பட்டி கரைச்ச கேப்பைக் கூழு. அன்னைக்குப் பாத்து முத்துப்பேச்சி கெணத்தடியில நின்னா. ஓட்டைக்கு எதுத்தாப்புல குருவம்மா நின்னா. லபக்குனு அந்தக் கையைப் புடிச்சுட்டா.

“அத்தை, கையை விடுங்க, கூழு சிந்துது” அப்படின்னா சொர்ணத்தாய். அத்தனை நாளைக்கு அப்புறம் சுவத்தைத் தாண்டி வந்த முதல் பேச்சு அதான். குருவம்மா விடல. பிள்ளை பெருத்து இவளும் சாகணுமா, என் தங்கச்சியைப் பறிகுடுத்தது போதாதான்னு கேட்டா.

சொர்ணத்தாய் கையை இழுத்துக்கல. மெதுவா, “ஒங்க தங்கச்சி வயிறு நெறையத் தின்னாளா அத்தை?” அப்படின்னு கேட்டா.

தங்கச்சிக்கும் கால் வயித்துக் கஞ்சிதான். ஊத்துனதும் குருவம்மாதான். அந்தத் தங்கச்சியும் இப்படித்தான் வெளுத்துப்போய் அடுப்புச் சாம்பலைத் தின்னுக்கிட்டுக் கெடந்தா. எல்லாம் கண்ணுமுன்னால வந்து நின்னுச்சு. புடிச்ச கை தளந்துச்சு.

கிண்ணத்தை எட்டிப் பாத்தா. “இது பத்தாது. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து” அப்படின்னா.

அப்புறம் என்ன, கீரையும் பருப்பும் மீனும் எள்ளுருண்டையும் அந்தப் பக்கமிருந்தும் வந்துச்சு, இந்தப் பக்கமும் வெந்துச்சு. மாத்திரையை மாமியாளே தண்ணி ஊத்திக் குடுத்தா. கோழி கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கிச்சு. முத்துப்பேச்சிக்கு மண்ணைப் பாத்தா இப்ப மண்ணாத்தான் தெரிஞ்சுது.

அப்புறம் வலி வந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரத்தம் நெறையப் போயிருச்சு. எல்லாரும் பதறிப்போனாங்க. ஆனா போறதுக்கு ஒடம்புல ரத்தம் இருந்துச்சு, போன பின்னாடியும் மிச்சம் இருந்துச்சு. தாயும் பொழைச்சா. குவா குவான்னு பிள்ளையும் வந்துச்சு.

அந்த ஊர்ல பிள்ளையை முதல்ல வாங்குறது அப்பனைப் பெத்தவ. துணியை விரிச்சு வாசல்ல நின்னா குருவம்மா. ஆஸ்பத்திரி நர்சம்மா பிள்ளையை நீட்டுனாங்க. குருவம்மா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா. ஓரமா, சுவத்தோட சுவரா நின்ன சொர்ணத்தாயைக் காட்டி, “அவ கையில குடுங்கம்மா. ஊட்டுனது அந்தக் கைதான்” அப்படின்னா.

சொர்ணத்தாய் முந்தானையில கையைத் தொடச்சா, தொடச்சா, தொடச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம்தான் வாங்குனா. உள்ள படுத்திருந்த முத்துப்பேச்சி அதைப் பாத்தா. பாத்த பின்னாடிதான் நிம்மதியா கண்ணை மூடுனா.

பெத்தவளும் தூங்கியாச்சு, பிள்ளையும் தூங்கியாச்சு. கதையும் காலை நீட்டிப் படுத்தாச்சு. நீயும் தூங்குடா கண்ணு.